இடுக்கில் துளையிடும் கருவிகள்

மட்டாஞ்சேரியில் நாம் குடியிருக்கும் வீடு பழைய காலத்து வீடு. கீழ்த்தளத்தில் ஒரு காலத்தில் மிளகு மூட்டைகளும் சுக்கு மூட்டைகளும் அடுக்கி வைத்திருந்தார்களாம். அடைமழைக் காலத்தில் இன்றும் அச்சுவர்களிலிருந்து ஒரு காரமான வாசனை எழுவதுண்டு. மேல்தளத்தில் நமது குடித்தனம். படியேறியதும் இடப்புறம் ஒரு மூலை. அதன் ஒரு பக்கம் சுவர். மறு பக்கம் ஆளுயரத் தேக்கு அலமாரி. இரண்டிற்கும் நடுவே ஒரு சாண் அகலமே இடைவெளி. அந்த இடைவெளியில் அகராதிகளை வைப்பதற்கு ஒரு சிறு பலகை அமைத்துக்கொள்ள விரும்பினோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டோர்க்கு அகராதிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டுமன்றோ?

சுவர்ப்புறத்தில் பலகையைத் தாங்குவதற்குப் பழைய மரத் தாங்கல் ஒன்று முன்பே இருந்தது. அலமாரியின் பக்கச் சட்டத்தில் இரண்டு துளைகள் இட்டு, இரண்டு மரமுளைகளைச் செருகிவிட்டால் போதும். வீட்டுக்காரர் ஒரு நிபந்தனையுடன் இசைந்தார். அலமாரி அவருடைய பாட்டனார் காலத்தது, ஆணி அடிக்கலாகாது, தேர்ந்த ஆசாரியைக் கொண்டு முளை வைத்துக்கொள்ளலாம் என்றார். நாமோ ஆசாரிக்குக் கொடுக்கவேண்டிய கூலியை மிச்சப்படுத்த எண்ணி, நண்பர் ஒருவரிடமிருந்து மின்சாரத் துரப்பணத்தை இரவல் வாங்கி வந்தோம்.

விளைந்தது இதுதான். துரப்பணம், அதன் அலகோடு சேர்த்து, முக்கால் முழ நீளம். இடைவெளியோ ஒரு சாண். நேராகப் பிடிக்க இடமில்லாமையால் கருவியைச் சாய்த்துப் பிடித்து விசையை அழுத்தினோம். அலகு மரத்தில் சிறிது தூரம் இறங்கியது. பின்னர் ஒரு துடிப்பு, ஒரு முறிவொலி. முறிந்த துண்டு சட்டத்தினுள்ளேயே தங்கிவிட்டது. மரத்தின் நாரோட்டத்தை ஒட்டி விரல் நீளத்திற்கு ஒரு விரிசலும் கண்டது. தவறாக எழுதிய சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் எழுதலாம். துளைக்கு அந்த வசதி இல்லை.

மறுநாள் அண்டை வீட்டார் ஒரு முதிய ஆசாரியை அழைத்து வந்தனர். எழுபதைக் கடந்தவர். ஒரு சாக்குப் பையைத் தவிர அவர் கையில் வேறொன்றும் இல்லை. விரிசலைக் கண்டு அவர் நம்மைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். துளையின் அளவு என்ன என்று கேட்பார் என்றும் எண்ணினோம். அவர் இரண்டையும் செய்யவில்லை. இடைவெளிக்குள் கையை நீட்டி மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு, "எங்ஙோட்டா ஸ்தலம் உள்ளது, சாரே?" என்று வினவினார். இடம் எந்தப் பக்கமாக இருக்கிறது என்பது அவ்வினாவின் பொருள். நெருக்கமான இடத்தில் துளையிடும் கலை முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

சற்று ஆராய்ந்து பார்ப்போம். துளையிடுவதற்கு மூன்று செயல்கள் வேண்டும். அலகு சுழலவேண்டும், சுழலும்போதே அது மரத்தின்மீது அழுந்தவேண்டும், அழுந்தும்போது கோணாமல் நிற்கவேண்டும். திறந்த வெளியில் இம்மூன்றும் எளியவை. இடுக்கில் ஏதேனும் ஒன்று தடைப்படும். இடுக்கிலும் இரு வகை உண்டு. அலகின் பக்கவாட்டில் சுவரோ தூணோ நெருங்கி நின்று, கையைச் சுழற்ற முடியாமற் செய்வது ஒரு வகை. இதனைப் பக்க இடுக்கு எனலாம். அலகுக்குப் பின்னால் கருவியின் உடலுக்கும் கைக்கும் இடம் இல்லாமற்போவது மற்றொரு வகை. இதனைப் பின் இடுக்கு எனலாம். பெயர்கள் நாம் இட்டவை. வேறுபாடு தச்சர்கள் நெடுங்காலமாக அறிந்தது. ஓர் இடுக்குக்கு ஏற்ற கருவி மற்றதற்கு ஒரு பயனும் தராமற்போகலாம்.

தச்சுப் பட்டறைகளில் பிரேஸ் என்னும் வளைந்த கைத்துரப்பணத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு குமிழ், நடுவே இரும்புத் தண்டில் ஒரு வளைவு, கீழே அலகு. குமிழை மார்பாலோ கையாலோ அழுத்திக்கொண்டு வளைவைப் பிடித்துச் சுழற்றவேண்டும். ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டப்பெற்ற ஓர் ஓவியத்தில், தச்சராகிய சூசையப்பர் இத்தகைய கருவியால் பலகையில் துளையிடுவதைக் காண்கிறோம். கடைகளில் கிடைக்கும் பிரேஸில் அவ்வளைவு சுழலும் வட்டம் பெரும்பாலும் 10 அங்குலம். ஆதலால் துளையைச் சுற்றி எப்பக்கமும் 5 அங்குலமேனும் வெளி வேண்டும். பிடிக்கும் கையின் விரல்களுக்கு மேலும் சிறிது வேண்டும். சுவரோரத்தில் இது நடவாத காரியம். விரல் முட்டிகள் சுவரில் உராய்ந்து தோல் உரியும்.

இத்தொல்லைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு நல்ல தீர்வு கிடைத்தது. அதுவே ராட்செட். பழைய சுவர்க் கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கும்போது 'கிட், கிட்' என்று ஓர் ஒலி கேட்குமல்லவா? உள்ளே ஒரு பற்சக்கரமும் அதன் பற்களிடையே விழும் சிறு நாக்கும் இருக்கின்றன. ஒரு திசையில் சக்கரம் நகரும். எதிர்த்திசையில் நாக்கு அதனைப் பிடித்துக்கொள்ளும். இதே அமைப்பைப் பிரேஸில் வைத்தால், கைப்பிடியை முழு வட்டம் சுழற்றவேண்டியதில்லை. கால் வட்டம் முன்னே தள்ளுவது, பின்னே இழுப்பது, மீண்டும் தள்ளுவது. அலகு மட்டும் ஒரே திசையில் சிறிது சிறிதாகச் சுழன்றுகொண்டே போகும். நேரம் கூடுதலாகும். ஆனால் துளை விழும்.

நமது ஆசாரி சாக்குப் பையிலிருந்து எடுத்தது பிரேஸ் அன்று. அதனினும் மிகப் பழைய கருவி. ஒரு சிறு வில். வில்லின் நாண் ஒரு மரத்தண்டை ஒரு முறை சுற்றியிருக்கிறது. தண்டின் முனையில் இரும்பு அலகு. மறுமுனையைப் பிடித்துக்கொள்ளத் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்று. வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு இரு திசையிலும் மாறி மாறிச் சுழலும். அவரிடம் மூன்று தண்டுகள் இருந்தன. அவற்றுள் மிகக் குட்டையானதை, நம் உள்ளங்கை அகலமே உள்ளதை, அவர் தெரிந்தெடுத்தார். பிறகு வில்லைக் கிடையாகப் பிடிக்காமல் செங்குத்தாகப் பிடித்தார். அப்போதுதான் அவருடைய வினாவின் நுட்பம் நமக்கு விளங்கிற்று. அந்த மூலையில் அகலம் ஒரு சாணே. உயரமோ ஆளுயரத்திற்கும் மேல். வில்லுக்கு வேண்டியது ஒரே திசையில் நீளம்; அகலம் அன்று. வில் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல், மேலும் கீழுமாக ஓடியது. குட்டைத் தண்டாதலால் பின்னாலும் கைக்கு இடம் இருந்தது. ஒரே கருவி இரண்டு இடுக்குகளையும் வென்றது.

வில் துரப்பணத்தின் அலகைப்பற்றி ஒரு சொல் கூறவேண்டும். மின்சாரத் துரப்பணத்தின் முறுக்கு அலகு ஒரு திசையில் மட்டுமே மரத்தைச் சீவும். வில்லில் சுழற்சி திசை மாறிக்கொண்டே இருப்பதால், ஈட்டிமுனைபோலத் தட்டையான அலகை இரு விளிம்பிலும் கூர்தீட்டி வைத்திருக்கவேண்டும். அது சீவுவதில்லை, சுரண்டுகிறது. மரத்தூளை வெளியே கொண்டுவரும் முறுக்கும் அதற்கு இல்லை. ஆகையால் சற்றைக்கொரு தரம் அலகை வெளியே எடுத்துத் தூளைத் தட்டவேண்டும். பெரிய துளைக்கு இது உதவாது. ஆயின் சுரண்டும் அலகு மரத்தைத் திடீரெனக் கவ்வி முறுக்குவதில்லை. நாம் செய்தது போன்ற விரிசல் அதனால் எளிதில் நேராது.

"இதன் பெயர் என்ன?" என்று கேட்டோம். "தமர்" என்றார். நாம் உடனே அகராதியைப் புரட்டினோம், இன்னும் தரையில் அடுக்கி வைத்திருந்த அகராதியைத்தான். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனில் தமர் என்பதற்குத் தச்சர் இடும் துளை என்றும், துளையிடும் கருவி என்றும் பொருள் இருக்கக் கண்டோம். தமிழில் நாம் பெரும்பாலும் மறந்துவிட்ட சொல்லை மலையாளத்து ஆசாரி சாக்குப் பையில் வைத்திருக்கிறார். தமர் என்பதற்குத் தம்மவர், உற்றார் என்னும் பொருள் உண்டென்பதை நேயர்கள் அறிவீர்கள். அது வேறு சொல், இது வேறு சொல். எனினும், ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அவ்வொலி காதில் விழுந்தபோது சிறிது மகிழ்ச்சி உண்டாகாமற் போகவில்லை.

வடக்கே வாழும் நேயர்கள் கடைத்தெருவில் கேட்கவேண்டிய சொற்கள் வேறு. துரப்பணத்தை இந்தியில் 'பர்மா' என்பர்; செட்டிநாட்டுப் பெரியவர்கள் காதில் அது இரங்கூன் துறைமுகத்தை நினைவூட்டலாம். திருகித் துளையிடும் கருவிக்கு 'கிர்மிட்' என்றும் ஒரு பெயர் உண்டு. ஆங்கிலப் பெயரின் திரிபு. அதே ஒலியுள்ள 'கிர்மிட்' என்னும் மற்றொரு சொல், ஒப்பந்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபாக, கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிகளின் ஒப்பந்தச் சீட்டுக்குப் பெயராயிற்று. 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பலில் இருந்தோர் அத்தகைய ஒப்பந்தத்தில்தான் சென்றனர்.

வில் துரப்பணத்தின் தொன்மையை நினைத்தால் வியப்பு மேலிடுகிறது. எகிப்தில் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை ஓவியங்களில் தச்சர்கள் அதனை இயக்குகின்றனர். பலுசிஸ்தானத்தில் மேகர்கர் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புக்கூடுகளுள் ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில் துளையிட்ட அடையாளம் இருப்பதை ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டனர். காலம் ஏழாயிரத்து ஐந்நூறு முதல் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன். துளைகளின் விட்டம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அளவுக்குள். சிக்கிமுக்கிக் கல் முனையுடைய வில் துரப்பணத்தை அமைத்து அவர்கள் செய்து பார்த்தபோது, ஒரு நிமிடத்திற்குள் பல்லின் மேற்பூச்சில் அத்தகைய துளை விழுந்ததாம். மனிதனுடைய வாயைவிட நெருக்கமான மூலை ஏது? அதுவும் கடைவாய்! 1871-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மாரிசன் காலால் மிதித்து இயக்கும் துரப்பணத்திற்கு உரிமை பெற்றார் என்று படிக்கும்போது, அவருக்கு முன் எத்தனை நூற்றாண்டுகள் கழிந்தன என்பதை எண்ணிக்கொள்கிறோம். நம் ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் பளிங்கு, சூதுபவளம் முதலிய கற்களை மணிகளாக்கித் துளையிட்ட கைவினைஞரும் இவ்வரிசையில் வருபவர்களே.

கொச்சிக்குத் திரும்புவோம். இந்நீர்ப்பரப்பில் துளையிடுதலே உயிர்நாடியாக இருந்த தொழில் ஒன்று உண்டு. அது கெட்டுவள்ளம் கட்டுதல். 'கெட்டு' என்பது நம்முடைய 'கட்டு'. குட்டநாட்டிலிருந்து நெல்லும் பிற சரக்கும் ஏற்றிக்கொண்டு காயல் வழியே வந்த அப்படகுகளில் பலகைகள் ஆணியால் இணைக்கப்படுவதில்லை. பலகைகளின் ஓரத்தில் எதிரெதிராகத் துளைகள் இட்டு, தென்னநார்க் கயிற்றால் தைத்து விடுகின்றனர். தையலின் அடியில் நாரைத் திணித்து, முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் கறுப்பு நெய்யைப் பூசுகின்றனர். இரும்பாணி உப்புநீரில் துருப்பிடிக்கும். தையல் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். இன்று அவற்றுட் பல உல்லாசப் பயணிகளின் படகு வீடுகளாகிவிட்டன.

இப்படகின் நடுப்பகுதியில் துளையிடுவது எளிது. அணியத்திலும் அமரத்திலும், அதாவது முன் முனையிலும் பின் முனையிலும், இரு பக்கத்துப் பலகைகளும் வளைந்து வந்து ஒன்றையொன்று நெருங்குகின்றன. அங்கே உள்ளே குந்தியிருப்பவனுக்கு முழங்கையை விரிக்க வழியில்லை. துளை ஓரத்திற்கு மிக நெருங்கினால் கயிறு இழுக்கும்போது மரம் பிளந்துபோகும். எதிர்ப்பலகைத் துளையோடு ஒவ்வாமற்போனால் தையல் இறுகாது, நீர் கசியும். ஏறியிருப்போர் உயிர் அந்தத் துளைகளின் ஒழுங்கைச் சார்ந்தது. டிம் செவரின் என்னும் கடலோடி 1980-இல் ஓமான் நாட்டில் 'சோகார்' என்னும் தைத்த கப்பலைக் கட்டிச் சீனாவின் காண்டன் நகர்வரை சென்றபோது, மரம் மலையாளக் கரையிலிருந்தும், தைக்கும் கைவினைஞர் இலட்சத்தீவிலிருந்தும் செல்லவேண்டியிருந்தது. அதே ஓமானில் கட்டப்பெற்ற 'மஸ்கட்டின் மணி' என்னும் மற்றொரு தைத்த கப்பல் 2010-இல் சிங்கப்பூருக்குச் செல்லும் வழியில் நமது கொச்சித் துறையிலும் தங்கிற்று.

இரும்பில் துளையிடுவோர் நிலை வேறு. மரத்தைப்போல் இரும்பு இரங்காது; பெரும் அழுத்தம் வேண்டும். பாலத்தின் உத்தரங்களுக்கு இடையிலும், கொதிகலனின் அடியிலும், கப்பலின் விலாச்சட்டங்களுக்கு நடுவிலும் தொழிலாளர் பயன்படுத்தியது ராட்செட் துரப்பணம். அதன் உடல் மிகக் குட்டை. பின்புறத்தில் ஒரு திருகு. அத்திருகை எதிரிலுள்ள சட்டத்திலோ, அதற்கென நிறுத்திய இரும்புத் தாங்கியிலோ முட்டுக் கொடுத்து நிறுத்துவர். நீண்ட நெம்புகோலைச் சிறிதே முன்னும் பின்னும் அசைக்க, அலகு சுழலும்; திருகைச் சற்றுச் சற்றாகத் தளர்த்த, அலகு முன்னே அழுந்தும். மனிதனுடைய தோள்வலிக்குப் பதிலாக எதிர்ச்சுவரே அழுத்தத்தைத் தருகிறது! நெருக்கத்தையே துணையாக்கிக்கொண்ட இக்கருவியை நாம் பெரிதும் மதிக்கிறோம். இருப்புப்பாதைத் தண்டவாளங்களில் துளையிடவும் இவ்வினத்துக் கருவி பயன்பட்டது.

பின் இடுக்குக்கு மிக எளிய கருவி தமரூசி. பேனா நீளமே உள்ள திருகுமுனை, குறுக்கே ஒரு மரப்பிடி. உள்ளங்கைக்குள் அடங்கும். அரைத் திருப்பம் திருப்பி, பிடியை மாற்றிப் பிடித்து, மீண்டும் அரைத் திருப்பம். முனையில் சிறிது மெழுகோ சவர்க்காரமோ தடவினால் கை வலிக்காது. ஓரத்திற்கு மிக அருகில் மட்டும் இதனைச் செலுத்தவேண்டாம். ஆப்புப்போல் நுழைவதால் மெல்லிய சட்டத்தைப் பிளந்துவிடும். சாய்பற்சக்கரங்களைக் கொண்டு திசையை மடக்கும் மூலைப் பிரேஸ் என்பதும் உண்டு. அது நம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதன் வாரிசு இப்போது மின்கலத் துரப்பணத்தில் மாட்டும் மடங்கு தலையாக விற்கப்படுகிறது. அடிக்கடி வேலை உள்ளவர்கள் வாங்கலாம். ஆண்டுக்கு இரண்டு துளை இடுவோர்க்குத் தமரூசியே போதும்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைச் செய்யவேண்டும். துளையிடுமுன் அளவுகோலால் இரண்டு அளவு எடுங்கள்: துளைப் புள்ளியிலிருந்து பக்கத்துத் தடைக்கு எவ்வளவு, எதிர்த்தடைக்கு எவ்வளவு. கருவியை அலகு மாட்டிய நிலையில் அளந்து, எதிர்த்தடையின் அளவோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையென்றால் சாய்க்கவேண்டாம், கருவியை மாற்றுங்கள். புள்ளியில் குத்தூசியால் ஒரு குழி செய்துகொண்டால் அலகு வழுக்காது. ஆழத்தைக் காட்ட அலகின்மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாள் சுற்றுங்கள். சுவராயின் உள்ளே மின்கம்பியோ நீர்க்குழாயோ செல்கிறதா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டறிந்து, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கைக்கருவியைத் தொடுங்கள். மூலையில் முகத்தை நெருக்கி வேலை செய்ய நேர்வதால் கண்ணாடி அணிவது இன்றியமையாதது; மரத்தூள் நேரே கண்ணுக்குத்தான் வரும்.

ஆசாரி இரண்டு துளைகளையும் இட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாம் முறித்த அலகைத் தோண்டி எடுக்கலாமா என்று கேட்டோம். எடுக்க முயன்றால் பெரிய குழியாகும் என்று கூறி, விரிசலின் நாரோட்டத்திலிருந்து இரண்டு விரற்கடை விலக்கிப் புதிய துளையை அமைத்தார். விரிசலில் பசையைக் கத்தி முனையால் ஏற்றி, தேக்குத் தூளைத் தூவி, கட்டைவிரலால் தேய்த்துவிட்டார். முளைகளை அவரே பலாமரத் துண்டிலிருந்து சீவினார். கூலியாகக் கேட்ட தொகை, நாம் மிச்சப்படுத்த நினைத்ததைவிடக் குறைவு.

மாத வாடகை கொடுக்கும் நாளில் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டோம். அவர் மேலே வந்து, முளைகளை ஆட்டிப் பார்த்தார், அவை அசையவில்லை. பின்னர் விரிசல் இருந்த இடத்தை விரலால் தடவினார். ஒன்றும் கூறாமல் படியிறங்கியவர், பாதி வழியில் நின்று, கீழ்த்தளத்துக் கதவுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு தாழ்ப்பாள் வைக்க நெடுநாளாக ஆள் கிடைக்கவில்லை என்றும், அந்த ஆசாரியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார்.